செஞ்சி மலையில் ஒரு சோக நாடகம்

(முதுகலைத் தமிழ், இரண்டாமாண்டு)

திண்டிவனத்திலிருந்து செஞ்சிக்குச் செல்லும் சாலையோரச் சிற்றூர் ஒன்றில் பிறந்து வளர்ந்தவன் நான். எங்கள் பக்கத்து மக்கள் தேசிங்கு ராஜன் கதையைப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டவர்கள் அல்லர். திரௌபதியம்மன் கோயில் திடலில் கோணிப்பை விரித்து உட்கார்ந்து, இரவு பத்து மணிக்குத் தொடங்கி விடியும்வரை நடக்கும் தெருக்கூத்தில் பார்த்துத் தெரிந்துகொண்டவர்கள். முகவீணை அழுதால் அவர்களும் அழுவார்கள். மிருதங்கம் அதிர்ந்தால் அவர்கள் நெஞ்சும் அதிரும். தேசிங்கு சாயும் கட்டம் வரும்போது கீழ்வானம் வெளுத்திருக்கும். பக்கத்து வீட்டுப் பாட்டி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஆர்க்காட்டு நவாபைச் சபித்தபடியே வாசல் தெளிக்கப் போவாள்.

அந்த நவாபு வேறு யாருமல்லர், என் தந்தையார்தாம். இருபது ஆண்டுகளுக்கு மேல் எங்கள் ஊர்க் கூத்து ஜமாவில் அவர் நவாபு வேடம் கட்டினார். விடிந்ததும் தேங்காயெண்ணெய் தொட்டு அரிதாரத்தைக் கலைத்துவிட்டுக் கழனிக்குப் போய்விடுவார். சிறுவனாக இருந்த எனக்கு அது பெரிய மனக்குறை. பள்ளிக்கூடத்தில் பையன்கள் என்னை நவாபு மகன் என்றே கூப்பிட்டார்கள். தேசிங்கு வேடமோ, அது இல்லையென்றால் தோழன் வேடமோ கேட்டு வாங்கிக் கட்டக்கூடாதா என்று ஒருநாள் அப்பாவிடம் அழுதேன். நவாபு எதற்காகச் சண்டைக்கு வந்தான் என்று முதலில் தெரிந்துகொண்டு, பிறகு வந்து கேள் என்று சொல்லிவிட்டு அவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார். அதற்கு விடை தேட எனக்குப் பத்து ஆண்டுகள் ஆயின. தேடிக் கண்டதையே இங்கு எழுதுகிறேன்.

மலையும் கோட்டையும்

விழுப்புரத்திலிருந்து வடமேற்கே செல்லும் பேருந்தில் ஏறினால் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் செஞ்சி வந்துவிடும். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திராயன் துர்க்கம் என மூன்று குன்றுகள். மூன்றையும் வளைத்துக் கட்டிய நெடிய மதில். உள்ளே கல்யாண மகால், நெற்களஞ்சியம், வேங்கடரமணர் கோயில், குளங்கள். கல்லைக் கல்லின்மேல் அடுக்கி வைத்தாற் போன்ற அந்த மலைகளைப் பார்க்கும் எவருக்கும், இவ்வளவு வலிய கோட்டை ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாறவே முடியாது என்றுதான் தோன்றும். ஆனால் செஞ்சியின் வரலாறு முழுவதுமே கைமாறிய வரலாறு. நாயக்கர்களிடமிருந்து பீஜப்பூர் சுல்தானுக்கும், 1677இல் சிவாஜிக்கும் அது போயிற்று. சிவாஜியின் மகன் இராஜாராம் இங்கே அடைக்கலம் புகுந்து மராட்டிய அரசை நடத்தியபோது, முகலாயப் படை 1690 முதல் எட்டு ஆண்டுகள் முற்றுகையிட்டு 1698இல் கோட்டையைப் பிடித்தது. பின்னர் 1750இல் பிரெஞ்சுக்காரர், 1761இல் ஆங்கிலேயர். இந்தக் கோட்டை 2025 ஜூலையில் மராட்டியப் போர்க்கோட்டைகள் பன்னிரண்டில் ஒன்றாக யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னப் பட்டியலில் இடம்பெற்றது. அந்தப் பன்னிரண்டில் மகாராட்டிரத்துக்கு வெளியே இருப்பது செஞ்சி ஒன்றே.

இத்தனை அரசர்களும் தளபதிகளும் ஆண்ட கோட்டைக்கு மக்கள் வைத்திருக்கும் பெயர் என்ன? தேசிங்கு ராஜன் கோட்டை! ஏறத்தாழ பத்தே மாதங்கள் அதை ஆண்டு, இருபத்திரண்டு வயதில் மடிந்த ஓர் இளைஞனின் பெயர் அது. கட்டியவர் பெயரும் நில்லாமல், வென்றவர் பெயரும் நில்லாமல், தோற்றவன் பெயர் நின்ற விந்தையை என்னவென்பது!

வடக்கிலிருந்து வந்த இளைஞன்

தேசிங்கின் இயற்பெயர் தேஜ் சிங். நம் மக்கள் நாவில் அது தேசிங்கு ஆயிற்று. தமிழ்நாட்டில் பிறந்தவன் அல்லன். புந்தேல்கண்டைச் சேர்ந்த புந்தேல ராஜபுத்திரன். அவன் தந்தை சுவரூப் சிங், ஔரங்கசீப் காலத்தில், 1700ஆம் ஆண்டை ஒட்டிச் செஞ்சிக்குக் கில்லேதாராக, அதாவது கோட்டைத் தலைவராக அமர்த்தப்பட்டவர். கோட்டையையும் அதைச் சார்ந்த ஜாகிரையும் அவர் பொறுப்பில் விட்டிருந்தார்கள். சுவரூப் சிங் எளிதில் பணியாதவர். கடலூர்த் தேவனாம்பட்டினக் கோட்டையிலிருந்த ஆங்கிலேயரோடு 1710 முதல் 1712 வரை அவர் பூசலிட்டதும், புதுச்சேரிப் பிரெஞ்சுக்காரர் இடையில் நின்று சமாதானம் செய்ததும் வரலாற்றில் பதிவாகியிருக்கின்றன.

அந்தத் தந்தையின் மறைவை ஒட்டி, 1714ஆம் ஆண்டுத் தொடக்கத்தில், இளைஞன் தேசிங்கு தன் இளம் மனைவியுடன் வடக்கிலிருந்து வந்து செஞ்சியின் பொறுப்பை ஏற்றான். கதைப்பாடல் இதை வேறு விதமாகச் சொல்லும். தில்லி பாதுஷாவிடம் யாராலும் அடக்க முடியாத குதிரை ஒன்று இருந்ததாம். அதை அடக்க முடியாமல் தந்தை சிறைப்பட்டாராம். சிறுவன் தேசிங்கு தில்லிக்குப் போய் அந்தக் குதிரையை அடக்கித் தந்தையை மீட்டானாம். பாராசாரி என்ற அந்தக் குதிரையே அவனுக்குப் பரிசாயிற்றாம். புகழேந்திப் புலவர் பெயரால் வழங்கும் பெரிய எழுத்துப் புத்தகத்திலும், எங்கள் ஊர்க் கூத்திலும், 1960இல் எம்.ஜி.ஆர். நடித்து வெளிவந்த திரைப்படத்திலும் நம் முன்னோர் கண்ட தேசிங்கு இந்தக் கதைத் தேசிங்குதான். வரலாற்றுத் தேசிங்கு இவ்வளவு மின்னுவதில்லை. ஆனால் அவனிடமும் குதிரை வேகம் இருந்தது. அந்த வேகமே அவனுக்கு வினையாயிற்று.

நவாபின் வழக்கு

அப்போது ஆர்க்காட்டு நவாபாக இருந்தவர் சாதத்துல்லா கான். 1710 முதல் 1732 வரை அப்பதவியில் இருந்தவர். கருநாடகப் பகுதியின் வரியைத் திரட்டித் தில்லிக்குக் கணக்குக் காட்டுவது அவர் கடமை. சுவரூப் சிங் காலத்திலேயே செஞ்சியிலிருந்து வரவேண்டிய பணம் பெரும் பாக்கியாக நின்றுவிட்டது. அது முதல் வழக்கு.

இரண்டாவது வழக்கு இன்னும் சிக்கலானது. முகலாயர் முறைப்படி கில்லேதார் பதவியும் ஜாகிரும் தந்தை சொத்தைப்போல் மகனுக்குத் தாமாக வந்து சேர்வன அல்ல. பேரரசரின் புதிய ஆணை வேண்டும். ஔரங்கசீப் 1707லேயே இறந்துவிட்டார். தேசிங்கு வந்தபோது தில்லியில் அரியணையில் இருந்தவர் பரூக்சியர். எனவே புதிய ஆணை பெற்ற பிறகே பதவி ஏற்கலாம் என்பது நவாபின் வாதம். ஔரங்கசீப் என் தந்தைக்குத் தந்த ஆணையே எனக்குப் போதும் என்பது தேசிங்கின் வாதம்.

இவ்விடத்தில் நான் திகைத்து நின்றேன். கூத்தில் நான் கண்ட நவாபு, ஏதுமறியாத பிள்ளையின் ஊரைப் பறிக்க வந்த கொடுங்கோலன். புத்தகத்தில் கண்ட நவாபு, பாக்கியைக் கேட்டு ஆளனுப்பிய அதிகாரி. நவாபை நல்லவன் என்று நான் நிறுவ வரவில்லை. தன் அதிகாரத்தைச் செஞ்சிவரை நீட்ட அவருக்கும் ஆசை இருந்திருக்கும். அந்த வரிபாக்கி யார் தலையில் விடியும் என்பதையும் நாம் அறிவோம். நவாபு வாங்கினாலும் செஞ்சித் தலைவன் வாங்கினாலும் அது உழவன் களத்து நெல்தான். எங்கள் ஜமாவின் கட்டியங்காரன் இந்த இடத்தில் ஒரு வேடிக்கை செய்வார். நவாபுக்கும் தேசிங்குக்கும் நடுவில் வந்து, கையிலுள்ள வெறும் முறத்தைக் கவிழ்த்துத் தட்டிக் காட்டிவிட்டுப் போவார். ஊரே சிரிக்கும். அந்தச் சிரிப்பில் எத்தனை நூற்றாண்டு அழுகை ஒளிந்திருக்கிறது என்பது எனக்கு இப்போதுதான் புரிகிறது.

தூது வந்தது, பேச்சு முறிந்தது. கதைப்பாடலில் தோடர்மால் என்ற அதிகாரி தூது வந்து, மரியாதை இழந்து திரும்புகிறார். பிறகு நவாபின் பெரும்படை செஞ்சியை நோக்கிப் புறப்பட்டது.

மூன்று தடைகள்

எங்கள் ஊர்க் கூத்தில் தேசிங்கு போருக்குப் புறப்படுமுன் மூன்று தடைகள் வரும். முதலாவது, தந்தை காலத்துப் பெரியவர்கள். பணம் கட்டிச் சமாதானம் செய்துகொள்ளலாம், அல்லது கோட்டைக்குள் இருந்தே போரிடலாம் என்று அவர்கள் மன்றாடுவார்கள். எட்டு ஆண்டு முற்றுகையைத் தாங்கிய மதில் அது. அதை விட்டுவிட்டு வெட்டவெளிக்கு ஏன் போகவேண்டும்? தேசிங்கு கேட்கமாட்டான்.

இரண்டாவது தடை, அவன் வழிபடு தெய்வம். செஞ்சிக்கு வடக்கே சிங்கவரம் குன்றில் பாறையைக் குடைந்தெடுத்த பழைய கோயிலில் அரங்கநாதர் பள்ளிகொண்டிருக்கிறார். விடைபெற வந்த தேசிங்கை இன்று போகாதே என்று தடுத்தும் அவன் கேளாததால், இறைவன் முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்பது கதை. அந்தக் கோயிலுக்குப் போனால் பெருமாளின் முகம் சற்றே திரும்பியிருப்பதை இன்றும் காட்டுவார்கள்.

மூன்றாவது தடை, அவன் மனைவி இராணிபாய். கூத்தில் அவள் மேடைக்கு நேராக வருவதில்லை. ஒரு திரையைப் பிடித்துக்கொள்வார்கள். அதற்கு அப்பாலிருந்து அவள் பாடுவாள். இப்பாலிருந்து தேசிங்கு விடை கேட்பான். கணவன் முகத்தை அவள் பார்த்ததும் இல்லை, இனிப் பார்க்கப் போவதும் இல்லை என்பதை ஊர் அறியும். அந்தத் திரை நடுங்கும்போது பெண்கள் பகுதியிலிருந்து விம்மல் எழும்.

மூவர் சொல்லையும் தேசிங்கு தள்ளினான். ஒருவனை மட்டும் அழைத்தான்.

மணப்பந்தலிலிருந்து போர்க்களம்

அந்த ஒருவன் மகபத்கான். எங்கள் மக்கள் மோவுத்துக்காரன் என்றும் முகமதுகான் என்றும் சொல்லும் தோழன் அவன்தான். விழுப்புரத்துக்குக் கிழக்கே, புதுச்சேரி எல்லையை ஒட்டியுள்ள வழுதாவூர் அவன் பொறுப்பில் இருந்தது. தேசிங்கின் ஆள் ஓலையோடு அங்கே போய்ச் சேர்ந்தபோது, வழுதாவூரில் கொட்டு முழங்கிக்கொண்டிருந்தது. அன்று மகபத்கானுக்குத் திருமணம். ஓலையைப் படித்தான், மணக்கோலத்தோடு எழுந்தான், நீலவேணி என்ற தன் குதிரையில் ஏறிச் செஞ்சிக்குப் பறந்தான் என்று கதை கூறும். ஏன் என்று கேட்டதாகவோ, எத்தனை பேர் எதிரே நிற்கிறார்கள் என்று விசாரித்ததாகவோ எந்தப் பாட்டிலும் நான் கேட்டதில்லை. நண்பன் அழைத்தான், அவன் போனான். அவ்வளவே.

இது மதத்துக்காக நடந்த போர் அன்று என்பதை நாம் மனத்தில் கொள்ளவேண்டும். தேசிங்கு இந்து, அவன் உயிர்த்தோழன் முஸ்லிம். நவாபு முஸ்லிம், அவர் படையில் வேங்கடகிரித் தலைவர் யாசம நாயக்கர் போன்ற இந்துப் பாளையக்காரர்கள் இருந்தார்கள். இந்த உண்மையை எங்கள் கூத்து மேடை ஒருநாளும் மறைத்ததில்லை. தோழன் வேடக்காரர் மேடையேறும்போது விழும் கைத்தட்டல் தேசிங்குக்கும் விழுந்ததில்லை.

வெள்ளமும் வெளியும்

செஞ்சிப் பக்கத்து மலைகளில் பிறந்து, வீடூர் அணை வழியாக விக்கிரவாண்டியைத் தொட்டு, வில்லியனூரைக் கடந்து புதுச்சேரிக்கு அருகே கடலில் சேர்வது சங்கராபரணி ஆறு. நாள்தோறும் திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்துக்கு ரயிலில் வரும் நான் அந்த ஆற்றைக் கடந்துதான் கல்லூரிக்கு வருகிறேன். பெரும்பாலான நாட்களில் மணலும் கருவேலமுமாகக் கிடக்கும். இந்த ஆற்றில் குதிரையோடு நீந்தினான் என்பதெல்லாம் பாட்டுக்காரர் கற்பனை என்றே நெடுநாள் நினைத்திருந்தேன். பெஞ்சல் புயலுக்குப் பிறகு, 2024 டிசம்பர் 2ஆம் நாள் விடிகாலையில், விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையிலுள்ள ரயில் பாலத்தை அந்த ஆறு முட்டிக்கொண்டு ஓடியது. ரயில்கள் நின்றன. திண்டிவனம் நிலையத்தில் பையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த எனக்கு அன்றுதான் தேசிங்கின் ஆறு எப்படி இருந்திருக்கும் என்பது விளங்கிற்று.

1714 அக்டோபர் 3. ஆற்றில் வெள்ளம். அக்கரையில் பல்லாயிரம் பேர் கொண்ட நவாபின் படை. தேசிங்கிடம் இருந்தவர்களோ சில நூறு குதிரைவீரர்கள். வெள்ளம் வடியட்டும் என்று அவர்கள் தயங்கினார்கள். தேசிங்கு குதிரையை ஆற்றில் இறக்கினான். மகபத்கான் பின்தொடர்ந்தான். மற்றவர்களில் சிலர் வந்தார்கள், சிலர் நின்றுவிட்டார்கள். தேவனூர்ப் பக்கத்து வெளியில் போர் மூண்டது. எதிரிப் படையைப் பிளந்துகொண்டு தேசிங்கு நெடுந்தூரம் முன்னேறினான் என்பதில் கதைக்கும் வரலாற்றுக்கும் வேறுபாடு இல்லை. முதலில் தோழன் வீழ்ந்தான். பிறகு குதிரை வீழ்ந்தது. கடைசியில் தேசிங்கு.

அவன் துப்பாக்கிக் குண்டுக்கு இரையானான் என்று வரலாற்று நூல்கள் கூறுகின்றன. கூத்தில் அப்படிச் சாகமாட்டான். தோழனும் குதிரையும் போனபின் உயிர் வாழ விரும்பாமல், தன் வாளை வானில் எறிந்து, அது இறங்கும் வழியில் மார்பைக் காட்டி நிற்பான். குண்டு யாரோ ஒரு சிப்பாயின் செயல்; வாள் அவனுடைய சொந்தச் செயல். அவன் முடிவை அவனே தேடிக்கொண்டான் என்பதை இதைவிடத் தெளிவாக எப்படிக் காட்டுவது?

கொடுங்கோலன் யார்?

ஒப்பிலக்கியப் பாடத்துக்காக, கிரேக்க நாடகாசிரியர் சோபோக்ளீஸ் ஏறத்தாழ 2,450 ஆண்டுகளுக்கு முன் எழுதிய ஆன்டிகனி என்ற சோக நாடகத்தைப் படித்தோம். தீப்ஸ் நகரின் அரசன் கிரியோன். நகரின் மீது படையெடுத்து வந்து மாண்ட ஒருவனை அடக்கம் செய்யக்கூடாது என்று ஆணையிடுகிறான். மாண்டவனின் தங்கை ஆன்டிகனி ஆணையை மீறி அண்ணன் உடல்மீது மண்ணைத் தூவுகிறாள். அவளுக்குச் சாவுத் தண்டனை. கிரியோனின் மகன் கெஞ்சுகிறான். குருட்டுக் குறிசொல்லி எச்சரிக்கிறான். அரசன் மனம் மாறும்போது காலம் கடந்துவிடுகிறது. ஆன்டிகனி, அவளை மணக்கவிருந்த அரசனின் மகன், அரசி என மூவரும் மாள்கிறார்கள்.

இதைப் படிக்கும்போது என் மனம் செஞ்சிக்கும் தீப்ஸுக்கும் இடையே அலைந்தது. முதலில் நவாபைக் கிரியோனோடு ஒப்பிட்டுப் பார்த்தேன், பொருந்தவில்லை. கிரியோன் பகைவனின் பிணத்துக்கு மண்ணை மறுத்தவன். நவாபோ தேசிங்கின் உடலுக்குரிய மரியாதையோடு ஈமக்கடன் நடக்கவிட்டார் என்றே செஞ்சிப் பக்கத்துக் கதைகள் கூறுகின்றன. கோட்டைக்குள் செட்டிக்குளக் கரையில் அவனை எரியூட்டிய இடத்தைக் காட்டுகிறார்கள். ஆர்க்காட்டுக்கு எதிரே பாலாற்றின் அக்கரையில் இராணிபாயின் நினைவாக நவாபு ஓர் ஊரை உண்டாக்கினார் என்பதும் வழிவழி வந்த செய்தி. அதுவே இராணிப்பேட்டை, 2019 முதல் ஒரு மாவட்டத்தின் தலைநகர்.

பிறகுதான் எனக்கு உறைத்தது. கிரியோனைக் கொடுங்கோலன் ஆக்கியது அவன் சட்டம் அன்று. பிறர் சொல்லைக் கேளாத செவி. பெரியவர் சொல்லையும், தெய்வத்தின் குறிப்பையும், மனைவியின் கண்ணீரையும் கேளாத செவி நம் தேசிங்கிடமும் இருந்தது. அவன் கொடியவன் அல்லன். அஞ்சாதவன், சொன்ன சொல் மாறாதவன், நண்பனுக்காக உயிரையே வெறுத்தவன். ஆயினும் தன் மானத்துக்காகப் பிறர் உயிரைச் செலவிடும் உரிமை தனக்கு உண்டு என்று எண்ணிய அந்த ஒரு நாளில், அவனை நேசித்தவர்களுக்கு அவனே கொடுங்கோலன் ஆனான். பகைவனின் கொடுமைக்கு மதில் கட்டலாம். அன்புக்குரியவனின் பிடிவாதத்துக்கு எந்த மதிலும் இல்லை.

விசுவாசமும் மூன்று வகையாக அங்கே பலியாயிற்று. தோழன் தானே விரும்பி வந்தான். வராமல் இருக்கவும் அவனால் முடியும். குதிரைக்கு அந்த உரிமை இல்லை. இராணிபாய் உடன்கட்டை ஏறினாள். இருபது வயதைச் சுற்றி நின்ற அந்தப் பெண்ணிடம், வாழ விரும்புகிறாயா என்று ஒருவரேனும் கேட்டிருப்பார்களா? உடன்கட்டை வழக்கம் 1829இல் வங்காளத்திலும் 1830இல் சென்னை மாகாணத்திலும் தடை செய்யப்பட்டது. அவளுக்கு அது நூறாண்டு தாமதம். அவள் தீயைக் கற்பின் வெற்றி என்று பாடிவந்த நாம், இனி அதைத் துயரம் என்றே பாடவேண்டும். வழுதாவூரில் மணக்கோலத்தில் காத்திருந்த இன்னொரு பெண்ணைக் கதை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டது. அவள் பெயரைக்கூட எந்தப் பாட்டும் சொல்லி நான் கேட்கவில்லை.

நீலாம்பூண்டியில்

சென்ற ஆண்டு நடந்த ஒன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும். உடன் படிக்கும் நண்பன் ஒருவன் மாலை நேரத்தில் தொலைபேசியில் கூப்பிட்டுப் பேருந்து நிலையத்துக்கு வரச் சொன்னான். ஏன் என்று நான் கேட்கவில்லை. போனபோது இரு தரப்பு மாணவர்கள் எதிரெதிரே நின்றார்கள். அடுத்த சில நிமிடங்களில் ஒருவன் மண்டை உடைந்தது. எனக்கு இடக்கை விரலில் எலும்பு முறிந்தது. மருத்துவமனை வாசலில் விசாரித்தபோது, சண்டை எதற்காக என்று எங்களில் எவருக்கும் ஒழுங்காகச் சொல்லத் தெரியவில்லை. விவரம் அறிந்த அப்பா திட்டவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை என்னை அழைத்துக்கொண்டு நீலாம்பூண்டிக்குப் போனார்.

செஞ்சிக்கு அப்பால் உள்ள அந்தச் சிற்றூரில் மகபத்கானின் கல்லறையும் நீலவேணிக் குதிரையின் கல்லறையும் இருக்கின்றன. கூட்டம் இல்லை, பெரிய கட்டடம் இல்லை, சுற்றிலும் கழனி. அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு, எடுத்துச் சென்ற மல்லிகைப் பூவைத் தோழன் கல்லறைமேல் வைத்தார். தேசிங்கு கூத்து ஆடிய ஒவ்வோராண்டும் மறுவாரம் அவர் அங்கே வந்துபோவதை அன்றுதான் அறிந்தேன். நவாபு வேடக்காரர் ஏன் வரவேண்டும் என்று கேட்டேன். கூத்தின் கடைசியில் நவாபு களத்துக்கு வந்து, கிடக்கும் உடல்களைப் பார்த்து அழும் கட்டம் இருக்கிறதல்லவா, அந்தப் பாட்டைப் பாடியவனுக்கு வராமல் இருக்க முடியாது என்றார். இரவு முழுதும் தன்னைத் திட்டிய சனம் அந்த ஒரு பாட்டுக்கு வாய்மூடிக் கேட்கும் என்றும், அதற்காகவே இருபதாண்டு அந்த வேடத்தை விடவில்லை என்றும் சொன்னார்.

பிறகு என் கட்டுப் போட்ட விரலைப் பார்த்தார். மகபத்கானைக் குறை சொல்ல யாருக்கும் வாய் வராது. ஆனால் அவனைக் கூப்பிட்டவன் கூப்பிடுவதற்கு முன்னால் ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம் என்று மட்டும் சொன்னார். திரும்பி வரும் பேருந்தில் நாங்கள் அதிகம் பேசவில்லை. சிறுவயதில் அவர் கேட்ட கேள்விக்கு என் விடையைச் சொன்னேன். பாக்கிக்காக வந்தான், ஆணைக்காக வந்தான், அதிகாரத்துக்காகவும் வந்தான். ஆனால் அந்தச் சாவுகள் நடப்பதற்கு அவன் ஒருவன் மட்டும் காரணமில்லை என்றேன். அப்பா தலையசைத்தார். முழங்கால் வலியால் அவர் வேடம் கட்டுவதை நிறுத்திவிட்டார் என்பதால், இனி நவாபு வேடத்துக்கு ஜமாவில் ஆள் இல்லை என்றும் சொன்னார்.

அன்பு மாணவ நண்பர்களே! நட்புக்காக உயிரைக் கொடுப்பது பெரிது என்று நமக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். பெரிதுதான். அதனாலேயே, உயிரைக் கொடுக்கக் கூடிய நண்பன் ஒருவன் நமக்கு இருந்தால், அவனை எதற்கு அழைக்கிறோம் என்பதில் நாம் அவனைவிட நூறு மடங்கு கவனமாக இருக்கவேண்டும். அழைப்பு வந்தால் ஓடுவது மகபத்கானின் பெருமை. அழைக்காமல் இருந்திருந்தால் அது தேசிங்கின் பெருமையாகி இருக்கும். அந்தப் பெருமையை அவன் தவறவிட்டான். நாம் தவறவிட வேண்டாம்.

இந்த ஆண்டு முத்தமிழ் விழாவில் எங்கள் துறை தேசிங்கு ராஜன் கூத்திலிருந்து கடைசிக் கட்டத்தை ஆடுகிறது. வேடம் பிரித்தபோது தேசிங்குக்கும் தோழனுக்கும் போட்டி இருந்தது. நவாபு வேடத்தை யாரும் கேட்கவில்லை. நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். அப்பாவின் பழைய நவாபு உடுப்பைப் பெட்டியிலிருந்து எடுத்து வெயிலில் உலர்த்தியிருக்கிறோம். தோள் மட்டும் எனக்குச் சற்றுப் பெரிது.